மூன்றாவது தாள்

கெய்யோன். சிலோயே தீவின் தென்கோடி.
சாலை இங்கே முடிகிறது, மழை முடிவதில்லை.
என் மேசையில் ஒரு துண்டு வடிதாள்,
தங்கத் துகள் பூசியது.
மஞ்சளாக இருக்கும் என்று நினைப்பீர்கள்.
தங்கத்தைக் கிருமியைவிடச்
சின்னதாக்கிப் பாருங்கள்,
சிவந்துவிடும்.
காய்ந்த ரத்தமென்று நினைத்து
துப்புரவுக்கு வந்த நெல்டா ஒருமுறை
ஒரு கட்டையே குப்பையில் போட்டாள்.
ஐம்பதாயிரம் பெசோ.
நான் யாரிடமும் சொல்லவில்லை.

இதற்கு முன் எலிகள்.
ஒரு மாதிரிக்கு மூன்று.
மட்டிச் சாற்றை வயிற்றில் ஏற்றிவிட்டு
நிறுத்துக்கடிகாரத்தை அழுத்த வேண்டும்.
கடைசி மூச்சுக்கு எத்தனை நிமிடம், எத்தனை நொடி.
அதிலிருந்து அட்டவணை, அட்டவணையிலிருந்து நஞ்சு.
பதினொரு வருடம் அந்த வேலை.
வீட்டில் முட்டை வேகவைக்கக்கூட
நான் கடிகாரம் பார்ப்பதில்லை.

இப்போது ஒளி.
தாள்மேல் ஒரு சொட்டு, சொட்டின்மேல் ஒரு கதிர்.
போன வெளிச்சம் போனபடியே திரும்பும்,
கோடியில் ஒன்றைத் தவிர.
அந்த ஒன்று மட்டும்
எதன்மேல் இடறியதோ அதன் சாயலோடு வரும்,
நிறம் ஒரு மயிரிழை மாறி.
தங்க மணிக்கும் தங்க மணிக்கும் நடுவே
ஓர் இடுக்கு இருக்கிறது.
அதில் மாட்டிக்கொண்ட நஞ்சு
தொண்டை கிழியப் பேசும்.
ஓரடி தள்ளி உட்கார்ந்தால் ஊமை.
ஓரடி என்பது அங்கே என்ன அளவு என்று
என்னிடம் கேட்காதீர்கள்.

மார்ச், செவ்வாய்க்கிழமை.
ருதெசிந்தோ நவேல்கீன் வந்தான்,
முக்குளிக்கும் ரப்பர் உடுப்போடு, தரையெல்லாம் நீர்.
கையில் ஒரு பிடி மட்டி.
மீதி நாற்பது கிலோ
துறையடியில் வலைப்பையில் தொங்குகிறது.
சனிக்கிழமை மகள் கல்யாணம்.
குழி வெட்டியாகிவிட்டது, கல் பொறுக்கியாகிவிட்டது,
மூட வேண்டிய நல்க்கா இலைகூட வந்துவிட்டது.
'கடல் பச்சையாத்தான் இருக்கு' என்றான்.
'சிவந்தாத்தான் நஞ்சுன்னு யார் சொன்னது?'
அதற்கு நிறம் இல்லை, வாடை இல்லை,
கொதிக்கவைத்தாலும் சாகாது.
அவனுக்கும் தெரியும். சும்மா சொன்னான்.

அரைத்தேன், வடித்தேன்.
முதல் தாள்: திரையில் கோடு
தரையோடு தரையாகப் போய்
ஓரிடத்தில் முள்ளாக நிமிர்ந்தது.
இரண்டாவது: அதே இடம், முள் கொஞ்சம் குட்டை.
மூன்றாவது:
ஒன்றுமில்லை.

துகள்கள் திரண்டுவிட்டனவா,
சொட்டு ஓரமாக விழுந்ததா,
இல்லை, மூன்றாவதுதான் உண்மையா?
இந்தத் தாள்களின் குணம் அது.
ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான்,
சாட்சிக்கூண்டில் ஏறினால்
ஆளுக்கொன்று சொல்லும்.
சட்டத்தில் என் தாள் செல்லாது, அது வேறு.
மாதிரி வண்டியேறி, படகேறி
புவெர்த்தோ மோந்த் போக வேண்டும்.
அங்கே கூண்டுகள் இன்னும் இருக்கின்றன.
பதில் வெள்ளிக்கிழமை, படகு ஓடினால்.

'நீ சாப்பிடுவியா?'
கருவியை அணைத்தேன்.
உள்ளே விசிறி சுற்றி நிற்கும்வரை
வாய் திறக்கவில்லை.
'மாட்டேன்.'

வெள்ளி மாலை, முத்திரையோடு வந்தது:
எழுபத்தொன்று.
எண்பதைத் தாண்டினால்தான் தடை.
சட்டப்படி அவை நல்ல மட்டிகள்.
புதன்கிழமையே அவன் பையை அவிழ்த்து
நாற்பது கிலோவையும்
தண்ணீருக்கே விட்டிருந்தான்.

கல்யாணத்துக்குப் போனேன்.
கோழி, பன்றி, உருளைக்கிழங்கு.
மட்டி இல்லாமல் இதுவும் ஒரு குழிவிருந்தா என்று
மாப்பிள்ளை வீட்டில் யாரோ, என் காதுபட.
ருதெசிந்தோ என் தட்டில்
இன்னொரு கிழங்கப்பம் வைத்துவிட்டு நகர்ந்தான்.
எழுபத்தொன்றைப் பற்றி அவன் கேட்கவில்லை.
எழுபத்தொன்று என்றால்
மூன்று எலிகள் என்று
நானும் சொல்லவில்லை.