முதல் ஓரா

ஈட்டி என்று பெயர்தான்.
உரசிக் கூராக்கிய குடைக்கம்பி,
ஒரு மூங்கில், பின்னால்
சைக்கிள் டியூப் வளையம்.
பூசை முடிந்ததும்
கடியப்பட்டணத்துப் பாறையில் இறங்கினேன்.

முதல் நாள் குத்தியது கடலை.
இரண்டாம் நாளும் கடலைத்தான்.
மூன்றாம் வாரம் என் செருப்பை.

கண்ணாடிக்குள் எல்லா மீனும் பெரிசு,
கை நீட்டினால் எட்டும்போல.
எட்டாது.
இறங்க இறங்கக் காதில் ஊசி.
மூக்கைப் பிடித்து ஊதினேன்.

"தனியா முங்கப்பிடாது"
பாறைமேல் உட்கார்ந்து எண்ணுகிறாள் டெல்பின்.
நாற்பது தாண்டினால்
இடுப்புக் கயிற்றை இழுப்பாள்.

ஐஸ் கம்பெனி மூடிய பிறகு
மீன்காரி பிலோமியின் நோட்டில்
எங்கள் பேருக்கு நேரே
எழுநூற்று நாற்பது.

நேற்று, அவள் முப்பத்தொன்று எண்ணும்போது,
பாசி மேய்ந்த ஓரா ஒன்று
பக்கவாட்டில் திரும்பியது.
கம்பி துடித்தது.
பயந்தது நான்தான்.

முள் ஏறிய விரல் நெருப்பாய் எரிய,
இடக்கையை வெந்நீரில் முக்கியபடி
வலக்கையால் தின்றேன்.
உள்ளங்கை அளவு மீன்.
பாதி டெல்பினுக்கு.

வாசலில் பிலோமி:
"மீனு வேணுமா?"

டெல்பின் சட்டியை மூடினாள்.
"இண்ணைக்கு வேண்டாம்."

பிலோமி மூக்கை உறிஞ்சினாள்,
கூடையைத் தலைக்கு ஏற்றினாள்.
"புளி கூடிப்போச்சு"
சொல்லிக்கொண்டே நடந்தாள்.