முகம் நீக்குதல்

மக்டபுர்க்கில் என் திங்கட்கிழமைகள் தண்ணீரோடு தொடங்கும்.
ஆறரை மணி, இன்னும் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.
ஒரு உருண்டையைப் படுக்கையில் கிடத்தி உள்ளே அனுப்புவேன்.
போன வாரம் பார்த்ததுபோலத்தான்
இந்த வாரமும் பார்க்கிறதா கருவி
என்று சோதிக்கும் உருண்டை.
ஃபான்டோம் என்பார்கள் இங்கே.
என் காதில் பாண்டம் என்றே விழும்.
தவறில்லை,
நீர் நிறைத்து வாயடைத்த பாண்டம்தான்.

பிறகு மனிதர்கள்.

நவம்பர் மூன்றாம் வாரம், நூற்றுப் பதினேழு.
பெயரைச் சொல்லக் கூடாது.
ரோஸ்விதா என்று வைத்துக்கொள்வோம், அவர் பெயர் அதுவல்ல.
இருபத்தேழு ஆண்டு
கனரக ஆலையில் கிரேன் ஓட்டியவர்.
'உடம்பில் உலோகம் ஏதும் உண்டா?'
நான் கேட்டே ஆக வேண்டிய கேள்வி.
'கடைவாய்ப் பல் ஒன்று.
கிரேன் எனக்குள் இல்லை, நான்தான் அதற்குள் இருந்தேன்.'
சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.
நான்காம் ஆண்டு பல்லை மறந்தார்.
கிரேனைச் சொன்னார், சிரிக்க மறந்தார்.

மற்றவர்கள் அலறும் சத்தத்தில்
அவர் தூங்கிப்போவார்.
ஒலிபெருக்கியில் கூப்பிட்டு எழுப்பியிருக்கிறேன்.

காதுகளுக்கு உட்புறம், ஆழத்தில்,
சுருண்டு கிடக்கும் இரண்டு கடற்குதிரைகள்.
நிரல் அவற்றை அளந்து
கன மில்லிமீட்டரில் ஒரு எண் துப்பும்.
ஆய்வுக் கூட்டத்தில் அது சரியும் கோடு.
எனக்கு அது மிளகுக் கணக்கு:
இரண்டாம் ஆண்டு ஒன்று குறைந்தது,
மூன்றில் ஒன்றரை,
அப்புறம் இரண்டிரண்டாக.
எல்லாம் சேர்த்தும் ஒரு ரசத்துக்குக் காணாது.
ஒரு மனுஷிக்குக் காணும்.

மூளைப் படம் என்றால் மூளை மட்டும் வருவதில்லை.
இமை வரும், நாசி வரும்,
மூடிய உதட்டின் ஓரச் சுளிப்பு வரும்.
லில்லுக்கும் கார்டிஃபுக்கும் தரவு போகுமுன்
முகத்தை எடுத்துவிட வேண்டும்.
அதற்கென்று ஒரு நிரல்,
நெற்றி முதல் மோவாய் வரை
வாழைப்பூ மடல்போல் கழற்றிப் போட்டுவிடும்.
நூற்றுப் பதினேழில் மட்டும் தடுமாறும்.
அந்தப் பல்லைச் சுற்றி
பீடி சுட்ட வேட்டிபோல் ஒரு கருப்பு ஓட்டை.
அதில் குழம்பி
மூக்கின் நுனியை விட்டுவிடும்.

ஆக, அந்த மூக்கை என் கையால்தான் அழிக்கிறேன்,
சுட்டியை இழுத்து இழுத்து,
ஒவ்வொரு அடுக்காக,
ஐந்து நவம்பர்களாக.
இந்த வேலையில் எத்தனையோ முகம் பார்த்தாயிற்று.
மனப்பாடமாக இருப்பது
அழித்த முகம் ஒன்றுதான்.

கடைசியாக, பொத்தான்.
குகைக்குள் கண்ணுக்கு மேலே ஒரு கண்ணாடி,
அதில் படங்கள் ஓடும்.
முன்பு காட்டியது என்றால் வலது விரல்,
புதிது என்றால் இடது.
வெளியில் கண்ணாடிச் சுவருக்கு இப்பால் நான்
வரிசை எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தேநீர்க் குவளை, ஏற்கெனவே இரண்டு முறை காட்டியது.
புதிது என்றார்.
சிவப்புக் குடை, மூன்று முறை.
புதிது.
படகு, ஆந்தை, தையல் இயந்திரம்,
எல்லாமே புதிது.
அறுபத்திரண்டாவது படம்
வேறொரு ஊரில் முகம் தெரியாத யாரோ
பட்டியலில் சேர்த்தது.
அவருக்கு அதுவரை காட்டாதது.
மஞ்சள் கிரேன்.

வலது விரல்.
அரை நொடிகூட ஆகவில்லை.
ஒருமுறை அழுத்தினால் போதும்,
மூன்று முறை அழுத்தினார்.

விடைத்தாளில் அந்த வரிக்கு நேரே: தவறு.
புதியதைப் பார்த்தது என்று சொன்ன தவறு.
அதற்கென்று தனிப் பெயரும் உண்டு, தனிக் கூட்டலும்.
குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்குமா என்று
வலப்பக்கம் கடைசிவரை நகர்த்திப் பார்த்தேன்.
எண்கள் மட்டும்தான்.
திருத்தினால் அது மோசடி.
திருத்தவில்லை.
மூக்கை அழித்தேன்,
கோப்பை அனுப்பினேன்,
டிராமைத் தவறவிட்டு
எல்பே பாலத்தில் நடந்தேன்.

திங்கள், ஆறரை மணி.
பாண்டத்தை உள்ளே அனுப்பினேன்.
தண்ணீர் எதையும் முன்பு பார்த்ததில்லை.
வழக்கம்போல்
ஒரு தவறும் இல்லை.