பேட்டரி மட்டும் புதிது

பின் இருக்கைகளை விற்ற ரேண்டில்
பழைய ஸ்பிரிங் நான்கு.
வெல்டிங் முகமூடியைத் தூக்கிக் கோகிலம் கேட்டாள்:
"ரெண்டு அங்குலம் உசந்தது வண்டியா,
உன் தலைக்கனமா?"

சமையலறை அலமாரிக் கதவு
இப்போது படுக்கைப் பலகை.
புரட்டினால் இன்னும் மஞ்சள்தூள் கறை.

கூரைக் கூடாரத்துக்குக் காசில்லை.
குழாய்க்குக் கறுப்படித்து
வெயில் காய்ச்சும் ஷவர் வைத்தோம்.
பேட்டரி மட்டும் புதிது,
மூன்று மாதச் சீட்டுப் பணம்.

வெள்ளி இரவு
டிராக்கன்ஸ்பெர்க் கிளம்புகையில்
சாட்ஸ்வர்த் முழுக்க மின்வெட்டு.
கேட் மோட்டார் அசையவில்லை.

வண்டிக்குள் எரிந்த ஒற்றை பல்பைப் பார்த்து
மதில்மேல் தலைகள் முளைத்தன.
சிபோ நான்கு போன்களை நீட்டினான்.
மூட்லி வீட்டுக்காரி,
மகனின் நெபுலைசர் ஒயரை.

விடிகையில் பேட்டரி செத்திருந்தது.
மலை இருநூறு கிலோமீட்டர்.
கேட்டைத் தூக்கி ஓரம் வைக்க,
வண்டியைத் தள்ள,
தெரு நிறைய ஆள்.