முறை

மின்னல் எச்சரிக்கை விளக்கு சிவப்பாய்ச் சுழன்றதால்
பொங்கோலில் ஐந்து மணிக்கே வேலை நின்றது.
லாரியின் பின்னால் இருபத்திரண்டு பேர்.
தார்ப்பாயில் மழை.
வீரமலை என் தோளில் முழங்கையை ஊன்றி
கைபேசியை உயர்த்திப் பிடித்தான்.

அங்கே மூன்று மணி.
எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில்
மேலாண்மைக் குழுக் கூட்டம்.
செம்பாயியின் கை நடுங்கியதில்
முதலில் மின்விசிறி தெரிந்தது,
பிறகு தலைமையாசிரியரின் பாதி மீசை,
பிறகு முன்வரிசை நாற்காலியில்
என் மாமா.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒரே ஊர்தான் நாங்கள். பேருந்து நிறுத்தம் இரண்டு.
எதில் இறங்குவாய் என்று கேட்டாலே
கேட்டவனுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.
இங்கே புளோக் எண் கேட்கிறார்கள்;
எண்ணை மோந்து பார்த்து ஒன்றும் தெரியாது.
இருந்தும், வந்த முதல் வாரம்
என் தட்டைத் தனியாகக் கழுவித் தனியாக வைத்தேன்.
அவன் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீர்த் தொட்டி பற்றிப் பேசினார்கள்.
புதிய தொலைக்காட்சிக்குப் பூட்டு வாங்குவது பற்றி.
நெடுநேரம், பூட்டு பற்றி.
கடைசியில் தலைமையாசிரியர்
"வேற ஏதாவது இருக்கா?" என்றார்,
பதில் வராது என்று தெரிந்தவரின் குரலில்.

தினமும் காலை ஏழரைக்கு
தலைக்கவசத்தோடு எங்களை வரிசையில் நிறுத்தி
சூப்பர்வைசர் லிம் இதையேதான் கேட்பார்:
எனி கொஸ்டின்?
நாங்கள் பூட்ஸைப் பார்ப்போம்.
வீரமலை மட்டும் கை தூக்குவான்.
கொக்கி துருப்பிடிச்சிருக்கு. பலகை ஆடுது.
ஏழாவதோடு நின்றவன்.
ஒருநாள் லிம் அந்தக் கொக்கியை மாற்றினார்.
அன்று பிடித்தது அவனுக்கு இந்தப் பழக்கம்.

லாரியிலும் கை தூக்கினான்.
தார்ப்பாய்க் கம்பியில் விரல் இடித்தது.
"சுபிதா அப்பா பேசுறேன் சார். ஏழாவது.
வாராவாரம் கக்கூஸ் கழுவ
எங்க பக்கத்துப் புள்ளைங்கள மட்டும் ஏன் சார் அனுப்புறீங்க?"

படம் உறைந்தது.
இணைப்பு நின்றதா, அவர்கள் நின்றார்களா, தெரியவில்லை.

"அதுங்களே ஆசையாத்தான்யா செய்யுதுங்க."
என் மாமாவின் குரல்.

வீரமலை சத்தம் போடவில்லை.
கைபேசிக்குள் எதையோ தேடினான்,
பள்ளியின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினான்.
எட்டிப் பார்த்தேன்:
துவாஸ் விடுதி, நான்காம் மாடி,
எங்கள் அறைக் கதவில் ஒட்டிய தாள்.
கழிவறை சுத்தம்.
பன்னிரண்டு நாள், பன்னிரண்டு பெயர்.
திருவாரூர்க்காரன், ஆந்திராக்காரன், டிப்ளமா படித்தவன்.
வீரமலைக்கு அடுத்த வரியில்
இனிஷியலோடு நான்.

"இங்க இப்படித்தான் சார். ஆளுக்கொரு முறை.
யாருக்கும் கை தேயல."

"பார்க்கலாம்" என்றார் தலைமையாசிரியர்.
நாற்காலிகள் இழுபடும் சத்தம்.
பிறகு செம்பாயியின் செருப்பு,
பிறகு கறுப்புத் திரை.

ஜூரோங் தாண்டும்வரை ஒருவரும் பேசவில்லை.
நான் ஏன் என் பேரை அனுப்பினாய் என்று கேட்க நினைத்தேன்.
வேறொன்று ஞாபகம் வந்தது.
அதே பள்ளியில் நான் முதல் பெஞ்ச்.
வகுப்புக்குள் போகும்போது
கரும்பலகை ஈரமாக, கன்னங்கரேலென்று இருக்கும்.
ஏழு வருஷம்
அது தானாகவே அப்படி விடிகிறது என்று இருந்துவிட்டேன்.
எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த
வீரமலையின் கையைப்
பார்த்ததே இல்லை.

இரவு பத்தே காலுக்கு மாமா அழைத்தார்.
"அந்தத் தாள்ல நம்ம பேரு எப்படிடா?
ஊரே பாத்துருச்சு. அவனுக்குக் கீழ வேற.
இது முறையாடா?"

கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டியிருந்தேன்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே கைபேசி,
வலக்கையில் பிரஷ்.
அடுத்த வெள்ளி சுபிதாவை அனுப்புவார்களா, மாட்டார்களா,
எனக்குத் தெரியாது.

"ஆமா மாமா, இன்னைக்கு என்னோடதுதான்" என்றேன்.
"வாளி நிரம்புது. வைக்கிறேன்."