லோடு

வீட்டு வாசலில் ஐந்து விளக்கும் பச்சை.
ரோலா சிக்னலில் மூன்று.
சாலை நடுவே ஒன்று, அதுவும் சிவப்பு.
தண்ணீர் டேங்கர்க்காரன் ஹாரன் அடித்துச் சலித்து
கிளீனரையும் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தான்.
என்னைக் கேட்காமலே
வண்டியோடு சேர்த்து நடைபாதையில் தூக்கி வைத்தார்கள்,
ஃப்ரிட்ஜ் இறக்குவது போல.

மொஃபிஜுல் இருக்கையைக் கழற்றி மீட்டரை வைத்தான்.
பன்னிரண்டரை.
நன்றாகத்தானே இருக்கிறது என்றேன்.
"சும்மா நிற்கும்போது எல்லாம் பன்னிரண்டரைதான்.
லோடு வைத்துப் பார்க்கணும்."
வங்காளம் கலந்த இந்தியில் சொல்லிக்கொண்டே
பொத்தானை அழுத்தினான்.
முள் எட்டுக்குச் சரிந்தது.
இன்னொன்று பரவாயில்லை, பதினொன்று.

கெட்டதை மட்டும் மாற்று என்றேன்.
மாட்டேன் என்றான்.
பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு படுக்கும்,
மூன்றே மாதம்,
அப்புறம் என்னிடம் சண்டைக்கு வருவீர்கள்.
வருவேன்தான். முகத்தில் எழுதியிருக்கிறது போலும்.

எது கொன்றது என்று எனக்குத் தெரியும்.
ஆகஸ்டில் ஊருக்குப் போன நாற்பது நாள்.
வாரம் ஒருமுறை சார்ஜ் போடுகிறேன் என்ற ஜெசிந்தா
ஏசியை அணைத்துவிட்டு அஜ்மானில்
அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.
நானும் லேசுப்பட்டவள் இல்லை.
ஆற விடு, பிறகு போடு என்று சொல்லியிருந்தும்
வெயிலில் வந்து கொதிக்கிற பெட்டியில்
அப்படியே பிளக்கைச் சொருகுவேன்.

லித்தியம் என்றால் எட்டு வருடம்,
பாதி எடை, மூன்று மடங்கு விலை.
ஜெல் என்றால் இரண்டு கோடை.
எது வேண்டும் என்று அவன் கேட்கவில்லை.
"விசா எத்தனை நாள் இருக்கு?" என்றான்.

பத்தொன்பது வருடம்
இரண்டிரண்டாய்ப் புதுப்பித்து வந்தவள்
விரல் விட்டு எண்ணினேன்.
மார்ச் வரை.
ஆபீசில் யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை.
எட்டு வருடம் தாங்கும் எதையும்
இந்த ஊரில் நான் வாங்கியதில்லை.
கட்டில்கூட, முன்பிருந்தவள் விட்டுப் போனது.

ஜெல்லே போதும்.
இரண்டின் தலையிலும் மார்க்கரால் தேதி போட்டான்.
பில்லுக்குப் பெயர் கேட்டான்.
தமயந்தி. அவன் எழுதியபோது வேறு யாரோ.
பழைய ஈயத்துக்கு இருபது திர்ஹம் கழித்தான்.

ஓட்டிப் பாருங்கள் என்று
ஸ்பேனர் பெட்டியை மடியில் வைத்தான், லோடுக்காக.
பார்க்கிங் சரிவில் ஏற்றினேன்.
ஐந்து விளக்கும் அசையவில்லை.
மேலே போய், நிறுத்த மனமில்லாமல்
இன்னும் ஒரு தெரு.
திரும்பிப் பார்த்தால்
வெயிலில் ஓடி வந்துகொண்டிருந்தான்,
பெட்டியைக் கேட்டு.