டிக்

அரவேணுவில் ஏசி மெக்கானிக் ஒருவன் பிழைக்கிறான் என்றால்
கோயம்புத்தூரில் சிரிப்பார்கள்.
ஸ்வெட்டர் போட்ட ஊரில் யாருக்குக் குளிர் வேண்டும்?
எனக்கு.
விமான நிலையத்தில் ஏறுகிறவர்கள்
குஞ்சப்பனை வரும்வரை
வெயிலைக் கழித்துத்தான் வாடகை பேசுகிறார்கள்.

என் சுமோவுக்கு ஏசி பிறவியில் இல்லை.
யாரோ எங்கோ ஒட்டவைத்தது.
போன சித்திரையில், குஞ்சப்பனைக்குக் கீழே மூன்றாவது வளைவில்
ஹோஸ் வெடித்தது.
பன்றிக்கு வைத்த வெடி என்று நினைத்துப்
பின்சீட்டில் ஒருவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.
பானட் இடுக்கில் வெள்ளையாய்ச் சீறி
ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கேஸ்
பலாமரங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஜோகி பார்த்தான்.
"இதைப் போட்டவன் சுவிட்ச் வைக்கலையே அக்கா"
பிரேக் இல்லாமல் வண்டி விற்றவனைச் சொல்வதுபோல.

கட்டைவிரல் அளவு. பித்தளைக் கழுத்து.
டிரையர் பக்கம் திருகி, ஓ-ரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு,
கிளட்ச்சுக்குப் போகிற வயரை நடுவில் நறுக்கினான்.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது,
நன்றாக ஓடுகிற ஒரே வயர் அது.
நறுக்கிய இரண்டு நுனிக்கும் நடுவே
இதை உட்கார வைத்தான்.
"நானூறு தாண்டினா விட்டுரும்.
முப்பதுக்குக் கீழ போனாலும் விட்டுரும்.
நடுவுல இருக்கிறவரைக்கும்
இது இருக்கிறதே உங்களுக்குத் தெரியாது."
அறுநூற்று ஐம்பது. கூலி தனி.

மார்கழியில் தலைகுந்தாவில் ஓர் இரவு தங்கல்.
விடிந்தால் புல் முழுக்க உப்பு.
கண்ணாடி உள்பக்கம் மூச்சால் மூடிக் கிடந்தது,
தெளியட்டும் என்று ஏசி போட்டேன்.
கிளட்ச் கடிக்கவில்லை.
கேஸ் போய்விட்டது, ஜோகி ஏமாற்றிவிட்டான்,
போன் போட்டு ஒரு மூச்சுத் திட்டினேன்.
கேட்டு முடித்துக் கொட்டாவி விட்டான்.
"எங்கயும் போகலை. குளிருக்குச் சுருண்டு படுத்திருக்கு.
வெயில் வரட்டும்."
பழைய செய்தித்தாளால் கண்ணாடியைத் தேய்த்தபடி இருந்தேன்.
ஒன்பது மணிக்கு வெளிச்சம் பானட்டில் இறங்கியது.
டிக்.

மறுபடி சித்திரை.
மேட்டுப்பாளையம் கொதிக்கிறது.
ஐந்து பேர், ஒரு பிறந்தநாள் கேக்.
அதே மூன்றாவது வளைவு, சிமெண்ட் லாரிக்குப் பின்னால்
முதல் கியரில் ஊர்கிறேன்.
முகத்தில் படும் காற்று மெல்ல வெந்தது.
"என்னம்மா, ஏசியை அமத்திட்டீங்களா? டீசல் மிச்சம் பண்றீங்களா?"

ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால்
காற்றில் பறந்து வந்த உரச்சாக்கு ஒன்று
கிரில்லைப் பொத்திக்கொண்டிருந்தது,
குழந்தையின் வாயைக் கைவைத்து மூடினதுபோல.
உரித்து எடுத்தேன். குழாய்கள் தொடமுடியாத சூடு.
ஹோஸ் முழுசாக இருந்தது.

கோத்தகிரியில் இறங்கி இருநூறு பிடித்துக்கொண்டார்,
கேக்கில் ரோஜா சரிந்துவிட்டதாம்.
என்ன சொல்ல?
சார், இது வெடிக்கவில்லை பாருங்கள் என்று
பானட்டைத் தூக்கிக் காட்டவா?

இரவு கணக்கு நோட்டில்
கழிவு இருநூறு என்று எழுதினேன்.
அதற்கு எதிரே ஹோஸ், கேஸ், கூலி என்று தொடங்கி
தொகையை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல்
மூன்றையும் அடித்தேன்.

காலை ஆறு மணிக்கு அடுத்த டிரிப்.
டீசல் அரை டேங்குக்கும் கீழே.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
அந்த இரண்டு வயரை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தேன்.
இருந்தன.