நீண்ட எட்டு

மெச்செக் மலையில் ஏறி இறங்கினால்
ஒன்பதாயிரத்து இருநூறு காலடி.
லோரின்ட்ஸின் கைக்கடிகாரம் சொல்கிறது.
என் முழங்கால் அதைவிடக் கூட்டிச் சொல்கிறது.

அடிவாரத்தில் பிரோஷ்காவின் மதுக்கடை.
ஒரு பங்கு வெள்ளை ஒயின், இரண்டு பங்கு சோடா:
எங்கள் நாட்டில் அதற்குப் பெயர் 'நீண்ட எட்டு'.
"பெயரிலேயே நடை இருக்கிறதே,
இதையும் கணக்கில் சேர்" என்பான் ஜொம்போர்,
இரண்டாவதற்குக் கை காட்டியபடி.

அவன் ரொட்டியை விட்டு ஐந்து மாதம்.
பன்றிக்கொழுப்பை விடவில்லை.
டாக்டர் சரி என்றாரா என்று கேட்டால்
"கேட்டால்தானே சொல்வார்" என்கிறான்.
லோரின்ட்ஸ் கட்டிலில் படுத்தபடி கையை ஆட்டி ஆட்டி
குறைந்த அடிகளைச் சேர்த்துவிடுகிறான்.
நான் மட்டும் என்ன,
எடை பார்க்குமுன் தோட்டைக் கழற்றுகிறவள்.

திஹமேர் ஏப்ரலில் குடியை நிறுத்தினான்.
மலையில் இப்போது அவன்தான் முன்னால்.
கடை வாசல் வந்ததும் குனிந்து
அவிழாத ஷூ நாடாவை
அவிழ்த்துக் கட்டுவான். பிறகு பஸ்.

போன சனிக்கிழமை பேசிவைத்துக்கொண்டு
நான்கு வெறும் சோடா கேட்டோம்.
பிரோஷ்கா முகம் முகமாகப் பார்த்தாள்,
யாருக்கு என்ன வந்துவிட்டதோ என்று.
திஹமேர் உட்கார்ந்தான். புரிந்துகொண்டான்.
"எழவு வீடு மாதிரி இருக்காதீர்கள்.
உங்களுடையதைக் குடியுங்கள்.
எனக்கு அந்த சோடாவின் சீறல் போதும்."

ஒயின் வந்தது.
சீறும் பாட்டிலை அவன் பக்கம் தள்ளினோம்.
எங்கள் மூவருக்கும் அவனே அடித்தான்,
ஒரு பங்குக்கு மூன்று, நான்கு,
விளிம்பு வழிய.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லவில்லை என்றா சொன்னேன்?
ஜொம்போர் முனகினான்:
"இது எட்டு இல்லையடா, மாரத்தான்."